முடியாத வேலைக்கு வைத்த பொட்டு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. வெள்ளிக்கிழமை மாலை, பந்தயக் காரின் இடது பின்சக்கரத்தைத் தாங்கும் பிராக்கெட்டைத் தராசில் வைத்தேன். முந்நூற்றுத் தொண்ணூறு கிராம்.
2. அது அப்போது முழுதாக ஒட்டப்பட்டிருக்கவில்லை. வெல்டர் அதை என்னிடம் சொல்லியிருந்தார்.
3. ஒட்டி முடித்தால் இருபது கிராம் கூடும் என்று கணக்கிட்டு, எடை நோட்டில் பென்சிலால் '390 + 20' என்று எழுதினேன்.
4. பிராக்கெட்டின் மேல் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்தேன்.
5. சனிக்கிழமை பிட்டர் அதை வண்டியில் மாட்டினார்.
6. ஞாயிற்றுக்கிழமை காலை, சோதனை ஓட்டத்தின் மூன்றாவது தடவையில் அது பிரிந்தது. கார் வயலில் இறங்கியது. ஓட்டியவருக்குக் காறை எலும்பு முறிந்தது.
7. திங்கள் காலை எட்டரை மணிக்கு நோட்டில் பென்சிலை அழித்துவிட்டு, பேனாவால் '410' என்று எழுதினேன்.
8. ஒன்பது மணிக்கு முதலாளி கேட்ட கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னேன். அது பொய்.
9. பத்து மணிக்கு வெல்டர் முனுசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். திரும்ப வரவில்லை.

இந்தப் பட்டறையை விட்டுப் போகிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போவது வழக்கம். எனக்கு முன்னால் போனவர் எழுதியதை, புதிதாக வந்திருக்கும் நீங்கள் இருவரும் படித்திருப்பீர்கள். அவர் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் தவறுகளைக்கூடப் படிக்கிறவர்கள் சிரிக்கும்படி எழுதியிருக்கிறார். எனக்கு வயது இருபத்தேழு, இங்கே இருந்தது ஐந்து வருடம். சிரிக்கும்படி எழுத வேண்டும் என்று இரண்டு முறை முயன்று தாளைக் கிழித்துப் போட்டேன். அதனால் வரிசை எண் போட்டுவிட்டேன். அதுதான் எனக்கு வரும்.

எட்டாவது வரிக்காகத்தான் மீதியை எழுதுகிறேன்.

நம் வண்டியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு இருக்கை, மேலே மூடி கிடையாது, மெல்லிய இரும்புக் குழாய்களால் ஆன கூடு, அதன் மேல் பைபர் உடம்பு. எஞ்சின் தெருவில் ஓடும் சாதாரணக் காருடையது. அதன் சக்தியை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நமக்கு லைசென்சும் இல்லை, வழியும் இல்லை. ஆகவே எடையைக் குறைப்பது ஒன்றுதான் நம் கையில் இருந்தது. முதலாளிக்கு அது ஒரு வெறி. பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே டிரைவரிடம், காலையில் பொங்கல் சாப்பிடக் கூடாது என்பார். "பொங்கல நிறுத்தறதுக்குப் பதிலா ரெண்டு நட்ட கழட்டிடுங்க சார், நான் தைரியமா ஓட்டறேன்" என்று டிரைவர் ஒருமுறை சொன்னார். முதலாளி சிரிக்கவில்லை. எந்த இரண்டு நட்டு என்று உண்மையாகவே யோசித்தார்.

அதற்காகத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். டிப்ளமா முடித்து வந்த என்னிடம் ஒரு தராசையும் ஒரு நீள நோட்டையும் கொடுத்து, வண்டிக்குள் போகும் ஒவ்வொரு பொருளையும் எடை போட்டு எழுதச் சொன்னார்கள். முதல் மூன்று மாதம் யாரும் எதையும் என் மேசைக்குக் கொண்டுவரவில்லை. நான்தான் நோட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய் நிற்பேன். எடை போட்டதும் போடாததும் கலந்து போகாமல் இருக்க, போட்டதன் மேல் ஒரு மஞ்சள் பெயின்ட் பொட்டு வைக்க ஆரம்பித்தேன். அதன் அர்த்தம் 'எடை போட்டாயிற்று'. அவ்வளவுதான்.

பிட்டர் கன்னியப்பன் முதல் நாளே அதற்கு வேறு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார். "பொட்டு வெச்சாச்சு, இனிமே பொண்ணு மாப்ள வூட்டுக்குப் போலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆயுத பூஜைக்குத் துடைத்து முடித்த மெஷினுக்குத்தானே பொட்டு வைக்கிறோம்? பொட்டு இருந்தால் வேலை முடிந்தது என்று அவர்கள் எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. சில வாரங்களில் பட்டறை முழுக்க அந்தப் பேச்சு பரவியது. "பொட்டு வெச்சதா?" என்று கேட்பார்கள். வைத்திருந்தால் மாட்டுவார்கள்.

நான் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. மறந்ததால் அல்ல, பிடித்திருந்ததால். அதன் பிறகு எல்லோரும் என் மேசைக்கு வந்தார்கள். என்னைவிட இருபது வயது மூத்தவர்கள், "மேடம், ஒரு பொட்டு வெச்சிடுங்க" என்று வந்து நின்றார்கள். பட்டறையில் ஒரே பெண்ணாக இருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, உங்களில் ஒருவருக்கு நான் விளக்காமலே புரியும்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை. பந்தயத்துக்கான படிவத்தில் வண்டியின் மொத்த எடையை எழுதி மறுநாள் காலைத் தபாலில் அனுப்ப வேண்டும். பின்சக்கரப் பிராக்கெட் இரண்டையும் முதலாளி மெல்லிய தகட்டில் புதிதாகச் செய்யச் சொல்லியிருந்தார். மூன்று துண்டுத் தகடுகளைச் சேர்த்து ஒட்ட வேண்டிய வேலை. முனுசாமி அண்ணன் வலது பக்கத்தை முடித்துக் கொடுத்துவிட்டார். இடது பக்கத்துக்குப் பாதியில் காஸ் தீர்ந்துவிட்டது. துண்டுகள் இடம் மாறாமல் நிற்பதற்கு நான்கே இடத்தில் டாக் போட்டுவிட்டு எடுத்து வந்தார். டாக் என்பது தையற்காரர் முழுத் தையலுக்கு முன்னால் போடும் நூலோட்டம் மாதிரி. பார்ப்பதற்குச் சேர்ந்திருக்கும். இழுத்தால் வந்துவிடும்.

"மேடம், இது டாக்தான் போட்டுக்கீறேன்" என்றார். "நாளைக்கி மெட்ராஸ் போயி சிலிண்டர் எட்த்துகினு வந்து முழுசா ஒட்டிக் குடுத்துடறேன். அதுவரைக்கும் இத யார்கிட்டயும் குடுக்காதீங்க."

"சரிண்ணா" என்றேன்.

நோட்டில் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி காலியாக இருந்தது. அது காலியாக இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. தராசில் வைத்தேன், எழுதினேன், கூட்டலைப் போட்டேன். அன்று மாலை எடை போட்ட பொருட்கள் எட்டு. ஏழுக்கும் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்து எட்டாவதற்கும் வைத்தேன். கைப்பழக்கம் என்றுதான் நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது சரியில்லை. பிரஷ் அதன் மேல் இறங்கும்போது இது முடியாதது என்பது எனக்கு நினைவிருந்தது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம், வரிசை முழுதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் பொட்டு வைத்தாயிற்று. எட்டையும் மேசையிலேயே விட்டுவிட்டு ஐந்தரை பஸ்ஸுக்கு ஓடினேன். மறுநாள் எனக்கு விடுப்பு. காஞ்சிபுரத்தில் அக்கா வீட்டில் காதுகுத்து.

சனிக்கிழமை முனுசாமி அண்ணன் சிலிண்டருக்காக மெட்ராஸ் போனார். கன்னியப்பன் என் மேசையிலிருந்து எட்டையும் எடுத்துப்போய் மாட்டினார். நான்கு டாக் மட்டும் இருப்பதை அவர் பார்த்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், என் மீதான பாரத்தைக் குறைத்துக்கொள்வதற்காக. பொட்டு இருக்கும் சாமானை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. திருப்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லத்தான் பொட்டு. அண்ணன் சாயங்காலம் சிலிண்டரோடு வந்தபோது வண்டிக்கு உடம்பு மாட்டி மூடியாயிற்று. புதியது முடியவில்லை, அது என் இழுப்பறையில் பத்திரமாக இருக்கும், ஆகவே ஞாயிற்றுக்கிழமை பழைய கனமான பிராக்கெட்டுகளோடுதான் ஓட்டுவார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுக்குப் போகும் வழியில், ஏரியைத் தாண்டியதும் சாலை நேராகப் போகும். அங்கேதான் அப்போது ஓட்டிப் பார்ப்போம். இரண்டு முனையிலும் ஆள் நின்று மாட்டு வண்டிகளையும் சைக்கிள்களையும் நிறுத்தி வைப்போம். வடக்குப்பட்டு முனுசாமி அண்ணனின் ஊர். வண்டி ஓடும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காரர்கள் பல் தேய்த்துக்கொண்டே வரப்பில் வந்து நிற்பார்கள். அவர் அவர்கள் நடுவில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பார். எந்தக் குழாயைத் தான் ஒட்டினேன் என்று விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அன்று காலை நான் காஞ்சிபுரத்திலிருந்து நேராக அங்கே வந்திருந்தேன். முதல் இரண்டு தடவை வண்டி மெதுவாகப் போனது. மூன்றாவது முறை வேகமாக வந்தபோது பின்பக்கம் ஒரு சாய்வு சாய்ந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. சக்கரம் தனியாகவும் வண்டி தனியாகவும் வயலுக்குள் போயின. நாற்று நட்டு ஒரு வாரம் ஆன சேறு. அந்தச் சேறுதான் டிரைவரைக் காப்பாற்றியது. தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே, "வண்டிக்கு இன்னா ஆச்சி?" என்றுதான் முதலில் கேட்டார். அவரை வேனில் ஏற்றி அனுப்பிய பிறகு ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் சேற்றில் இறங்கி வண்டியை அப்படியே தூக்கிச் சாலையில் வைத்தார்கள். "இன்னாடா இது, எங்க வூட்டுக் கட்டவண்டிய விட லேசா கீது" என்றார் ஒருவர். எங்கள் வேலை சரியாகத்தான் நடந்திருக்கிறது என்பதற்கு அன்று கிடைத்த ஒரே சான்று அது.

பிராக்கெட்டைச் சேற்றில் தேடி எடுத்தவர் முனுசாமி அண்ணன்தான். சட்டை முனையில் துடைத்தார். மஞ்சள் பொட்டு தெரிந்தது. என்னிடம் கொண்டுவந்து காட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது டாக் போட்டது மேடம். இத எப்டி மாட்டுனாங்க?"

"நாளைக்குப் பேசிக்கலாம்ணா."

நாளைக்கு என்று நான் சொன்னதை அவர் நல்ல அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்.

திங்கள் காலை நான் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து என்ன செய்தேன் என்பது ஏழாவது வரியில் இருக்கிறது. நாற்பத்து மூன்றாம் பக்கம். நோட்டு இனி உங்களிடம்தான் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பென்சில் தடம் தெரியும். பார்த்துவிடுங்கள்.

முதலாளி உடைந்த பிராக்கெட்டை மேசை மேல் வைத்துக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டார். அவர் கத்துகிறவர் இல்லை. முடிந்தது என்று இதை யார் கொடுத்தது என்று கேட்டார். பொட்டு இருந்தது, மாட்டினேன் என்றார் கன்னியப்பன். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, பொட்டு நீதானே வைக்கிற?"

"ஆமா சார். எடை போட்டதும் வைப்பேன்."

"முடியாதத எடை போடுவியா?"

"இல்ல சார். முடிச்சுக் குடுத்ததத்தான் போடுவேன்."

இதுதான் எட்டாவது வரி. குரல் நடுங்கவில்லை. நோட்டைத் திறந்து பேனாவால் எழுதிய எண்ணையும் காட்டினேன். யார் மேலும் குற்றம் சொல்லவில்லை, என் வேலை முறையை மட்டும்தான் சொன்னேன் என்று அந்த நிமிடத்திலேயே மனதுக்குள் சமாதானம் தயாராகிவிட்டது. அழுத்தம் வரும்போது நிதானமாக இருப்பவர்களை நம் தொழிலில் எல்லோரும் பாராட்டுவார்கள். என்னையும் பாராட்டியிருக்கிறார்கள். அந்த நிதானம் எதற்குப் பயன்பட்டது என்பதை இங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

முனுசாமி அண்ணன், "வெள்ளிக்கெழம சாயங்காலம்..." என்று ஆரம்பித்தார். என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று முதலாளி கேட்டதற்கு, "இல்ல சார்" என்றார். பதினொரு வருடம் அங்கே வேலை பார்த்தவர். போகும்போது வெல்டிங் கண்ணாடியைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு நல்லதாகவே நடந்தது. எடைக்கு ஒரு சீட்டு, ஒட்டியவர் கையெழுத்துக்கு ஒரு சீட்டு, சரிபார்த்தவருக்கு ஒரு சீட்டு என்று மூன்று நிறச் சீட்டு முறையை நான்தான் எழுதிக் கொடுத்தேன். இன்று நீங்கள் கட்டும் சீட்டுகள் அவைதான். நல்ல முறை, விடாதீர்கள். மஞ்சள் பெயின்ட் டப்பாவை நானே தூக்கிப் போட்டேன். டிரைவருக்குத் தோள் சரியானது. வேறு வெல்டர் வந்தார். வண்டி அடுத்த பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் முதலாளி என் நோட்டைக் காட்டினார். ஒரு தவறிலிருந்து நல்ல முறை ஒன்று பிறந்தது என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாருடைய தவறு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே ஒரு கீற்றுக் கொட்டகையில் முனுசாமி அண்ணன் இரும்புக் கேட் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நிறுத்தி, "இன்னா டாக்கு, இந்த கேட்டு மாடு முட்டுனா நிக்குமா, இல்ல அதுவும் வயல்ல போயி பட்த்துக்குமா?" என்று கேட்டார். அண்ணன் நிமிரவில்லை. கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது. கேட்டவர் கெட்டவர் இல்லை. அது அவ்வளவு பழகிப்போன வேடிக்கையாகியிருந்தது. வடக்குப்பட்டில் இன்னொரு முனுசாமியும் உண்டாம். இவரைப் பிரித்துச் சொல்வதற்கு 'டாக்கு முனுசாமி' என்றார்களாம். பிறகு முனுசாமியும் தேவைப்படவில்லை.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் தடத்தைக் காட்டினேன். "இப்ப வந்து சொல்றியேம்மா" என்றார். அன்று மாலையே அவர் கூட்டுரோட்டுக்குப் போய் முனுசாமி அண்ணனைத் திரும்ப வரும்படி கூப்பிட்டார். அண்ணன் மறுத்துவிட்டார். என்னை வேலையை விட்டுப் போகச் சொல்வாரென்று எதிர்பார்த்தேன். முதலாளி அதைச் சொல்லவில்லை. தப்பைத் தள்ளிவிட இடம் இல்லாமல் தினமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வது சுலபமாக இல்லை.

பிறகு நானே கொட்டகைக்குப் போனேன். எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று நான்கு குறிப்புகளாகத் தாளில் எழுதி வைத்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். மன்னிப்பு என்ற சொல்லை நான் இரண்டு முறை சொன்னேன். அன்று ஏன் பேச்சைப் பாதியில் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார். மேடத்தையும் 'நீங்க'வையும் அவர் விட்டுவிட்டிருந்தார். கோபமாகத் தெரியவில்லை. அண்ணன் முறையில் சொல்வது போலவும் இல்லை.

கை துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டு, "என்கிட்ட வந்து சொல்லி இன்னா பிரயோஜனம்? எனக்குத் தெரியாதா? ஊர்ல டீக்கடைல போயி சொல்லு. அங்கதான் பேரு வெச்சாங்க" என்றார்.

இதுபற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலாளியிடம் ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு இரவுத் தூக்கம் போதுமாக இருந்தது. டீக்கடையில் சொல்ல ஏழு மாதம் ஆனது. முதல் தடவை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. மேலே இருப்பவரிடம் தவறைச் சொல்லும்போது, நேர்மையானவள் என்ற பெயராவது மிஞ்சும். டீக்கடையில் அதுவும் மிஞ்சாது.

போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். கடைக்காரரோடு சேர்த்து ஆறு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் நாற்று நாசமான வயலுக்குச் சொந்தக்காரர். நின்றுகொண்டே சொன்னேன். முனுசாமி அண்ணன் வேலை முடியவில்லை என்று என்னிடம் சொல்லித்தான் கொடுத்தார், நான்தான் பொட்டு வைத்தேன், கேட்டபோது பொய் சொன்னேன். இவ்வளவுதான். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

"அப்ப டாக்கு மேல தப்பு இல்லன்ற" என்றார் வயல்காரர்.

"இல்லங்க. என் தப்பு."

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சி. அவன் பொண்ண பாக்க வந்தவன்கூட இத்த சொல்லி சிரிச்சிட்டுப் போனான்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர், "அப்ப இனிமே இந்தம்மா பேரு பொட்டா?" என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். கடைக்காரர் டீக்குக் காசு வாங்கிக்கொண்டார். நான் சாலைக்கு வந்துவிட்டேன். பின்னால் வயல்காரர் யாரையோ கூப்பிட்டுச் சொல்வது கேட்டது.

"ஏ, டாக்குகிட்ட சொல்லு, அந்த மேடம் வந்து எல்லாத்தியும் ஒத்துகினு போச்சுன்னு."

இன்றைய நிலவரம் இது. நான் இந்த மாதக் கடைசியோடு காஞ்சிபுரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் சேர்கிறேன். எடை நோட்டு இடது இழுப்பறையில் இருக்கிறது, நாற்பத்து மூன்றாம் பக்கத்தை யாரும் கிழிக்கக் கூடாது என்று முதலாளி சொல்லியிருக்கிறார். வெல்டிங் கண்ணாடி இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது, புது வெல்டர் வேறொன்றை வைத்திருக்கிறார். முனுசாமி அண்ணன் கூட்டுரோட்டில் கேட்டும் ஜன்னல் கம்பியும் ஒட்டுகிறார், நம் பட்டறைக்கு வரப்போவதில்லை. அவர் பெண்ணுக்கு இன்னும் இடம் அமையவில்லை. அவர் மேல் தப்பில்லை என்று வடக்குப்பட்டில் ஆறு பேருக்குத் தெரியும். அவர் பெயர் அங்கே இன்னும் டாக்கு.